ஐந்தாவது வரியை எடுத்துவிடுங்கள்: மலை யாத்திரைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர் மலை யாத்திரைக் குழுவின் தலைவர் அண்ணன் அவர்களுக்கும் செயலாளர், பொருளாளர், பஸ் பொறுப்பாளர்கள் எல்லாருக்கும்,

திருவண்ணாமலைப் பக்கத்துப் பர்வதமலைக்கு நாம் போகிற யாத்திரை நோட்டீஸ் நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தது. மே 1, வெள்ளிக்கிழமை, சித்திரைப் பௌர்ணமி. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து புறப்பாடு. மே தின லீவும் சேர்ந்து வருவதால் இந்தத் தடவை இரண்டு பஸ். காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கி, அன்றிரவே ஊர் திரும்புவது. போன வருஷத்து நோட்டீஸில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்திருப்பது ஐந்தாவது வரி ஒன்றுதான்: "55 வயதுக்கு மேற்பட்டவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கலந்துகொள்ள வேண்டாம். சென்ற ஆண்டு சிலரின் உடல்நலக் குறைவால் அனைவருக்கும் ஏற்பட்ட தாமதத்தை முன்னிட்டு இம்முடிவு எடுக்கப்பட்டுள்ளது."

அந்தச் சிலர் யார் என்று ஊரில் தெரியாதவர் இல்லை. சிலர்கூட இல்லை, ஒருவர்தான். என் சின்ன மாமனார், அப்போது வயது 62. பேர் போடாமல் எழுதினால் மரியாதையாகிவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். நோட்டீஸைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். இதை நான் உங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து இரண்டு தடவை பேசியாகிவிட்டது. "பார்க்கலாம்மா" என்றீர்கள். பார்த்ததன் பலன் இந்த வரி என்பதால் இப்போது எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நடந்ததை நேரத்தோடு சொல்கிறேன். நான் ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறவள், நேரத்தையும் தொகையையும் குறித்து வைப்பது பழக்கதோஷம்.

போன வருஷம் பௌர்ணமி மே 12. அக்னி நட்சத்திர நாட்களுக்குள். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு எடுக்கவேண்டிய பஸ் 11.15-க்கு எடுத்தது. யாருக்காகக் காத்திருந்தோம் என்பது உங்களுக்கே தெரியும், அதை இங்கே எழுதவில்லை. அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு எந்த நோட்டீஸிலும் வரி கிடையாது. சித்திரைப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; அந்த நெரிசலுக்குள் பஸ்ஸை விட்டு, ராஜகோபுரத்துக்கு எதிரே கற்பூரம் ஏற்றியே தீரவேண்டும் என்று இறங்கி, மறுபடி 53 பேரையும் எண்ணி ஏற்றி, மலை அடிவாரத்துத் தென்மாதிமங்கலம் வந்து சேர்ந்தபோது காலை 7.35. யாரும் தூங்கவில்லை. மைக் செட் விடிய விடியப் பாடியது. முதல் படியில் கால் வைத்தபோது மணி 8.20, வெயில் அப்போதே முதுகில் ஏறிவிட்டது.

ஏறுவதற்கு முன் செயலாளர் தம்பி மைக்கில் சொன்னது இரண்டே விஷயம். மூணு மணி நேரம்தான், சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் எடுத்துவிடுவோம் என்பது ஒன்று. உச்சியில் இருக்கிற மல்லிகார்ஜுனரைப் பார்க்கும் வரை விரதம், அன்னதானம் இறங்கி வந்த பிறகுதான் என்பது இன்னொன்று. பஸ் மேலே இரண்டு அண்டா, அரிசி மூட்டை, விறகுகூட இருந்தது. கையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொடுத்தீர்கள். அவ்வளவுதான்.

இங்கே நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாம் சமவெளிக்காரர்கள். கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் உயரம்கூட இல்லை. நமக்குத் தெரிந்த மலை சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, மொத்தம் அறுபது படி, பிரபவ, விபவ என்று தமிழ் வருஷத்தைச் சொல்லிக்கொண்டே ஏறினால் அட்சய வருவதற்குள் சுவாமி வந்துவிடுவார். மற்றபடி ஏற்றம் என்றால் ஆற்றுக்கரை மேல் சைக்கிளை ஏற்றுவதுதான். பர்வதமலை 4560 அடி. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 216 அடி; அந்த மாதிரி இருபத்தொரு விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அடிவாரமே கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது, அதைக் கழித்தாலும் பதினைந்து தேறும். வயலில் நாள் முழுக்க நடக்கிற கால் வேறு, படியில் ஏறுகிற கால் வேறு. இது எனக்கும் முதல் முந்நூறு படிக்குள்தான் புரிந்தது. தொடை நடுங்குவது என்பது என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சின்ன மாமாவை வயதானவர் என்று எழுதியிருக்கிறீர்கள். போன சம்பாவில் ஆள் கிடைக்காதபோது வரப்பில் நாற்றுமுடி சுமந்து போட்டவர் அவர். முதல் இரண்டு மணி நேரம் எனக்கு முன்னால்தான் போனார். அவர் கையில் ஒரு பித்தளைச் சொம்பு, வாயில் வாழை இலையும் துணியும் கட்டியது. அதில் காவிரித் தண்ணீர். பர்வதமலை உச்சியில் நம் கையாலேயே சுவாமிக்கு அபிஷேகம் செய்யலாம் என்பதுதான் அவரை இழுத்தது. சித்திரையில் நம் ஆற்றில் ஏது தண்ணீர், மணல்தான். அதனால் மேட்டூர் அடைப்பதற்கு முன்னால் தை மாதமே பிடித்து வைத்திருந்தார். நாலு மாதம் பூஜை அறையில் இருந்த சொம்பு அது. பைக்குள் வை மாமா என்றால் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு மேல் அந்த மலை வேறு மாதிரி ஆகிவிட்டது. கீழே மரம் இருந்தது, மேலே போகப் போகப் பாறை. நம் ஊர் வெயில் வேர்க்கவைக்கும், நசநசவென்று ஒட்டும், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் அடங்கும். அங்கே வெயில் மேலிருந்தும் வருகிறது, பாறையிலிருந்து கீழேயிருந்தும் வருகிறது. காற்று அடிக்கிறது என்று சந்தோஷப்பட்டால் வேர்வை காய்ந்துபோகிறது, எவ்வளவு தண்ணீர் உடம்பை விட்டுப் போனது என்றே தெரியவில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் 10.50-க்கே பலருக்கு முடிந்தது. மலைமேல் விற்கிற பாட்டில் விலையை யாரும் குறை சொல்லக்கூடாது, ஒவ்வொன்றும் ஒரு மனிதன் முதுகில் ஏறி வந்தது. ஆனால் அதற்குக் கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம்.

கடப்பாரை நெட்டு வந்தபோது மணி 12.40. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: செங்குத்துப் பாறையில் இரும்புக் கடப்பாரைகளை அறைந்து வைத்திருக்கிறார்கள், சங்கிலி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். நடுப்பகல் 12.40-க்கு அந்த இரும்பை ஒருதரம் தொட்டுப் பாருங்கள். தோசைக்கல். மாமா துண்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு பிடித்தார், சொம்பை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டார். நாலைந்து கடப்பாரை ஏறியிருப்பார். அப்புறம் நின்றுவிட்டார். பின்னாலிருந்து "போங்க பெரியவரே, போங்க" என்று சத்தம். நான் மெதுவாக இறங்கச் சொல்லி, ஓரமாக ஒரு பாறை இடுக்கில் உட்காரவைத்தேன்.

"அம்மாடி, நீ போ. நான் இப்படிச் சித்த உக்காந்துட்டு வரேன்" என்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது, ஆனால் தொட்டால் ஜில்லென்று இருந்தது. கை விரல்கள் தந்தி அடித்தன. இரண்டு நிமிஷம் கழித்து, "மோட்டாரை நிறுத்திட்டியா, மடை உடைஞ்சிடப் போவுது" என்றார். எந்த மோட்டார் மாமா என்றேன். பதில் இல்லை. என்னையே யார் என்கிற மாதிரி பார்த்தார். எனக்கு அந்த நேரம் வயிற்றில் ஏற்பட்டதை எழுத வரவில்லை.

குழுவில் யாராவது வருவார்கள் என்று பார்த்தேன். முன்னால் போனவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், மைக் பொறுப்பாளர் தம்பி உச்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டது என் போனில் வந்து விழுகிறது. கடைசியில் வருவதற்கு என்று யாரையும் வைக்கவில்லை நீங்கள். எங்களைக் கடந்து ஏறிய நம் ஆட்கள் பதினோரு பேர், எண்ணினேன். ஒருவர் விபூதி பூசிவிட்டுப் போனார். அவர்களையும் குறை சொல்ல மனசு வரவில்லை, அவர்களும் அந்த நிலைமையில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நின்றவர் அந்த ஊர்க்காரர், தலையில் தண்ணீர் கேஸ் சுமந்து மேலே போகிறவர். சுமையை இறக்கி வைத்துவிட்டு மாமாவின் கண்ணைப் பார்த்தார். "இன்னாம்மா, சர்க்கரை ஆளா? துன்னாமயா ஏறினாரு?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமாவின் சட்டைப் பையில் மாத்திரை அட்டை. வழியில் டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீயோடு வழக்கம்போல சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு விரதம். மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும், வயிற்றில் ஒன்றும் இல்லை, மேலே நாலு மணி நேரம் ஏற்றம், வெயில். சர்க்கரை கூடினால் ஆபத்து என்று நமக்குத் தெரியும். சட்டென்று இறங்கினால் அதைவிட ஆபத்து என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த மனிதர் மடியிலிருந்து இரண்டு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். நினைவு இருக்கிறதா, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு ஜூஸ் பாக்கெட். கால் மணி நேரத்தில் மாமா, "என்ன இங்க உக்காந்திருக்கோம்?" என்றார்.

காசு கொடுத்ததற்கு அந்த மனிதர் வாங்கவில்லை. தண்ணீர் கேஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு கடப்பாரையில் வெறுங்கையோடு ஏறிப் போய்விட்டார்.

ஊருக்கு வந்து தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டினோம். இதயத்தில் கோளாறு இல்லை. காலி வயிற்றில் மாத்திரை, தூக்கமின்மை, வெயில், இதுதான் காரணம் என்றார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, விடியற்காலையில் ஏறியிருந்தால் இவர் ஏறி இறங்கியிருப்பார் என்றும் சொன்னார். என் தப்பும் இதில் உண்டு. கூடப் போனவள் நான், மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்கவேண்டும். அதை மாமாவிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் இதுவரை சொல்லவில்லை.

இப்போது "அனைவருக்கும் ஏற்பட்ட தாமதம்" என்கிற விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. மெதுவாக இறங்கினோம். அடிவாரத்தில் பஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது 5.10. அப்போது வந்து சேர்ந்திருந்தவர்கள் எங்களையும் சேர்த்து முப்பது பேர்கூட இல்லை. கடைசியாக வந்தது ஐந்து பையன்கள், 7.15-க்கு. உச்சியில் செல்ஃபி, அப்புறம் இறங்கும்போது ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, இன்னொருவன் வழியெல்லாம் வாந்தி. அவனுக்கு வயது 24. பஸ் கிளம்பியது 7.40. 5.10-க்கு வந்து உட்கார்ந்த ஆளால் 7.40 வரை தாமதம் எப்படி ஆகும் என்று எனக்குக் கணக்கு வரவில்லை. மில்லில் இப்படி ஒரு வரி எழுதினால் முதலாளி நோட்டைத் திருப்பி என் முகத்தில் வீசுவார்.

அந்தப் பையனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவனும் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, தண்ணீர் போதவில்லை. 62 வயதுக்காரரை விழவைத்ததும் 24 வயதுக்காரனை வாந்தி எடுக்கவைத்ததும் ஒரே ஏற்பாடு. கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளியங்கிரியில் ஏறும்போது நெஞ்சுவலியிலும் மூச்சுத்திணறலிலும் இறந்தவர்களைப் பற்றி சீசன்தோறும் பேப்பரில் வருகிறது, அதில் இளவயதுக்காரர்களும் உண்டு. 55-க்குக் கீழே எல்லாரும் பத்திரம் என்று எழுதிக்கொடுக்க உங்களால் முடியுமா? ஐந்தாவது வரியைப் போட்டதும் உங்கள் மனசில் பிரச்சினை முடிந்துவிட்டது, எனக்குப் பயமாக இருப்பது அதுதான். மே 1 அன்று இரண்டு பஸ்ஸில் நூறு பேர் அதே எட்டரை மணிக்கு, அதே காலி வயிற்றோடு ஏறப்போகிறார்கள்.

அக்னி நட்சத்திரம் மே 4-ல்தானே ஆரம்பிக்கிறது, நாம் மூன்று நாள் முன்னாலேயே போய்விடுகிறோம் என்று பொருளாளர் அண்ணன் டீக்கடையில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பாறை பஞ்சாங்கம் பார்த்துச் சுடுவதில்லை அண்ணே.

சித்திரையை ஏன் பிடித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சம்பா, தாளடி அறுப்பெல்லாம் முடிந்து நெல்லைப் போட்டுப் பணம் கைக்கு வந்திருக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற இந்த ஓய்வில்தான் நமக்குக் கல்யாணம், காதுகுத்து, யாத்திரை எல்லாம். பள்ளிக்கூடமும் லீவு. நியாயம்தான். ஆனால் ஓய்வு மாசியிலேயே ஆரம்பித்துவிடுகிறது, பங்குனிப் பௌர்ணமி சித்திரைக்கு ஒரு மாதம் முந்தியது. வெயில் அப்போதும் உண்டு, இந்த அளவுக்கு இருக்காது.

காட்டைப் பற்றியும் ஒன்று. சித்திரையில் அந்த மலையில் புல் சருகாகக் காய்ந்து கிடக்கிறது. நம் குழுவிலேயே மூன்று பேர் வழியில் பீடி பிடித்து, செருப்பால் தேய்த்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவும் வறண்ட காலம்தான், அவர்களும் சந்தோஷமாகக் கிளம்பிப் போனவர்கள்தான். தீ பிடித்தால் கடப்பாரை நெட்டில் தொங்கிக்கொண்டிருக்கிற நூறு பேர் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று உங்களில் யாராவது யோசித்ததுண்டா?

வழிகாட்டுவது நமக்குப் புதிதான வேலை இல்லை. பர்வதமலைக்குச் சங்க காலத்தில் நவிரமலை என்று பேர், நன்னன் என்கிற அரசனுடைய மலை. அவனிடம் பரிசு வாங்கப் போகிற கூத்தருக்கு வழி சொல்வதுதான் மலைபடுகடாம் முழுக்க. பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் டீச்சர் சொல்லிக்கொடுத்தது இன்னும் மறக்கவில்லை: பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காக்கிறவர்கள் எறிகிற கவண்கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும், பாசி படிந்து கால் வழுக்குகிற இடத்தில் மூங்கிலையும் நாணல் மாதிரித் தட்டைகளையும் பிடித்துக்கொண்டு போங்கள் என்று அடி அடியாகச் சொல்லியிருக்கும். கூத்தர் கூட்டத்தில் பெண்கள் உண்டு, முழவும் யாழும் சுமந்தவர்கள் உண்டு, அவர்கள் எல்லாரையும் மனசில் வைத்துச் சொன்ன வழி. அந்த மலைக்குத்தான் நீங்கள் மைக்கில் மூணு மணி நேரம் என்று சொல்லி அனுப்பினீர்கள்.

வரவு செலவு அறிக்கையையும் பார்த்தேன், கண் தானாக அங்கேதான் போகிறது. ஆளுக்கு 1,400 ரூபாய். பஸ் வாடகை, சமையல் சாமான், சமையல்காரர், பூ மாலை, மைக் செட், ஃபிளெக்ஸ் போர்டு மூன்று, இதர செலவு. ஒரு ரூபாய் பிசகு இல்லை, பொருளாளர் அண்ணன் கை சுத்தம் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வருஷா வருஷம் வசதி இல்லாத நாலு குடும்பத்தைக் காசு வாங்காமல் அழைத்துப் போகிறீர்கள் என்பதும் தெரியும். ஆனால் மருந்து என்று ஒரு வரிகூட இல்லை. உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே சும்மா கொடுப்பார்கள். ஒரு ஃபிளெக்ஸ் போர்டைக் குறைத்தால் நூறு பேருக்குக் குளுக்கோஸும் கடலை மிட்டாயும் வாங்கி மிச்சம் வரும்.

ஆகவே நான் கேட்பது இவை. ஐந்தாவது வரியை எடுத்துவிட்டு வேறு நோட்டீஸ் அடியுங்கள். தாமதம் என்று போட்ட காரணம் உண்மை இல்லை, அது போகவேண்டும். யார் ஏறலாம் என்பதை வயது பார்த்து முடிவு பண்ணாதீர்கள், பதினெட்டு வயதுப் பையனிலிருந்து எல்லாரிடமும் என்ன வியாதி, என்ன மாத்திரை, வீட்டில் யார் போன் நம்பர் என்று எழுதி வாங்குங்கள். டாக்டர் வேண்டாம் என்றால் யாராக இருந்தாலும் வேண்டாம்தான், அதை மாமாவும் ஒப்புக்கொள்வார்.

புறப்பாட்டை ஏப்ரல் 30 காலைக்கு மாற்றுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, மற்றது எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். சாயங்காலம் அடிவாரம் போய்ச் சேர்ந்து, சமைத்துச் சாப்பிட்டு, படுத்துத் தூங்கி எழுந்து, வனத்துறைக்காரர்கள் விடுகிற முதல் நேரத்துக்கு முதல் ஆளாக ஏறவேண்டும். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதை முந்தின வாரமே யாராவது ஒருவர் நேரில் போய்க் கேட்டு வரட்டும். கடப்பாரை நெட்டை வெயில் ஏறுவதற்குள் தாண்டிவிட வேண்டும். பத்தரை மணிக்குள் அதன் அடிவரை வராதவர்கள் அங்கேயிருந்தே கும்பிட்டுத் திரும்பட்டும், அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்பதை மைக்கில் நீங்களே சொல்லுங்கள், உங்கள் வாயால் சொன்னால்தான் கேட்பார்கள். ஒருநாள் கூடுதல் வாடகைக்கு ஆளுக்கு இன்னும் இருநூறு, முந்நூறு ஆகும் என்றால் வாங்குங்கள். கொடுப்பார்கள்.

விரதம் அவரவர் இஷ்டம் என்று விட்டுவிடுங்கள். இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினால் மல்லிகார்ஜுனர் கோபித்துக்கொள்ள மாட்டார். கூட்டத்தைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கடைசியாக வருவதற்கு ஒரு ஆளைப் போடுங்கள். விசில், தண்ணீர், குளுக்கோஸ் அவர் பையில் இருக்கவேண்டும், அவருக்குப் பின்னால் நம் ஆள் ஒருவரும் இருக்கக் கூடாது. நல்லா நடக்கிற பையன்களையே இதற்குப் போடலாம், முன்னால் ஓடுவதற்குப் பதிலாக. பீடி, சிகரெட், தீப்பெட்டியை அடிவாரத்திலேயே வாங்கி வையுங்கள், கற்பூரம் சந்நிதியில் மட்டும். 108 ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வரும், அதற்கு மேல் நாம்தான் தூக்கவேண்டும் என்பதை ஞாபகத்தில் வைத்து ஒரு கெட்டியான ஜமுக்காளமாவது எடுத்துப் போங்கள்.

அப்புறம், ஏப்ரலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குளித்தலை ஐயர்மலைக்கு ஒரு வேன் விடுங்கள். 1017 படி. இப்போது ரோப் கார் வந்துவிட்டது, அதைப் பார்க்காமல் படியில் ஏறவேண்டும். அங்கே ஏறி இறங்கினாலே அவரவர் கால் அவரவருக்குப் பதில் சொல்லிவிடும், நோட்டீஸில் வயது போட வேண்டிய வேலை உங்களுக்கு இருக்காது. பேர், வியாதி, மாத்திரை விவரம் எழுதுகிற வேலையை நானே செய்து தருகிறேன், ரைஸ்மில்லில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஓய்வுதான்.

அடுத்த வருஷத்துக்குப் பங்குனியை யோசியுங்கள். இந்த வருஷம் தேதியை மாற்ற முடியாது என்பது புரிகிறது.

ஏப்ரல் 10-க்குள் பதில் வேண்டும், ஏனென்றால் பணம் கட்ட ஏப்ரல் 12 கடைசி என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். பதில் வராவிட்டால் இந்த மடலை அச்சடித்துப் பணம் கட்டியவர்கள் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஏறுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு பண்ணட்டும். சின்ன மாமாவுக்கும் எனக்குமான 2,800 ரூபாயை இந்தக் கடிதத்தோடு பொருளாளர் அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டேன், அண்ணிதான் வாங்கினார்கள். ரசீது இரண்டு பேருக்கும் தனித்தனியாக வேண்டும். மாமாவுடையதில் வயது 63 என்று எழுதுங்கள், மாசியோடு 62 முடிந்துவிட்டது. சொம்பில் தண்ணீர் பிடித்து வைத்தாகிவிட்டது.